உன் கையேட்டின் முதல் சொல்

துவான் அவர்களே,

சிரிக்காதே. கடல் தாண்டி மிரியில் வேலை கிடைத்து, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினாயே, அன்றிலிருந்து உன்னை நான், மலாய்க்காரர்கள் துரையைக் கூப்பிடுகிற மாதிரி, அப்படித்தான் கூப்பிடுகிறேன். பழக்கம் விடவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் இந்த ஒரு தடவைதான். இதற்குமேல் எழுதப் போவதற்குக் கேலி ஒத்துவராது. துறைமுக வாசலில் லோரி வரிசையில் நிற்கிறது. முன்னால் நாற்பது லோரியாவது இருக்கும். ஸ்டீயரிங் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன் கை இது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நேரில்தான் சொல்ல நினைத்தேன். சனிக்கிழமையிலிருந்து மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை நீ அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நீயும் உன் கூட்டாளிகளும் என்னைப் போன்ற பெற்றோர்களைக் கூட்டிவைத்து, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொல்கிற இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் கொடுக்கப் போகிறீர்கள். நல்ல காரியம். முதல் பக்கத்தில் முதல் சொல்லாக 'ஸ்டேபிள்' என்று போட்டிருந்தாய். சத்தம்போட்டுப் படித்துக் காட்டினாய். "ஸ்டேபிள் என்றால் குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. நிலைமை மாறாமல் இருக்கிறது, அவ்வளவுதான். மோசமான நிலையிலேயே மாறாமலும் இருக்கலாம்." அதற்குக் கீழே ஒரு கதை. கிள்ளானில் ஒரு லோரி ஓட்டுநர், அதிகம் படிக்காதவர். மனைவி ஸ்டேபிளாக இருக்கிறார் என்று டாக்டர் சொன்னதும் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்துவிட்டார். வெளியூரில் இருந்த மகனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அந்த அம்மா இறந்துபோனார்.

படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். "அப்பா, பேர் எதுவும் போடல. போட்டுக்கவா இந்தக் கதைய?" என்றாய். நான் என்ன செய்தேன்? வழக்கம்போல, "பேர் போடலன்னா பரவால்ல, என் போட்டோவையாச்சும் பெருசா போடு. கல்யாண மாலையோட எடுத்தது ஒண்ணு இருக்கு, நல்லா இருப்பேன்" என்றேன். நீ சிரிக்கவில்லை. எழுந்துவந்து என் தோளைக் கட்டிக்கொண்டாய். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, என்னைவிட ஒரு சாண் உயரம். "உங்க மேல தப்பே இல்லப்பா. உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் ரெண்டு வருசமா மனசுல வெச்சிருந்தேன், இப்ப இல்ல" என்றாய்.

நீ மன்னித்தது ஒரு ஆளை. அந்த ஆள் நான் இல்லை. எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும், தம்பி. உனக்குப் போன் செய்வதற்கு முன்பே தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். முப்பது வருடமாகக் கொள்கலன் ஏற்றுகிறவன் நான். யார்டில் சூப்பர்வைசர் தினமும் கேட்கிற கேள்வியே அதுதான்: "லோடு ஸ்டேபிளா?" சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு "ஸ்டேபிள் பாஸ்" என்போம். நிற்கிற லோரியில் எல்லா லோடும் ஸ்டேபிள்தான். வளைவில் திரும்பும்போதுதான் தெரியும் எது சாயும், எது சாயாது என்று. நம் பக்கத்தில் இந்தச் சொல்லைச் சும்மாவா புழங்குகிறார்கள்? பெண்ணைக் கொடுக்கிறவர்கள் "மாப்பிள்ளை ஸ்டேபிளா?" என்று கேட்பார்கள்; மாதச் சம்பளம் உண்டா என்று அதற்கு அர்த்தம். வீட்டில் இன்டர்நெட் அறுந்து அறுந்து வந்தால் "லைன் ஸ்டேபிளா இல்ல" என்று நீயே திட்டுவாய். குதிரைக் கொட்டகைக்கும் அதே பெயர் என்று நீ ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தாய்; அதை வைத்து ஒரு மாதம் உன் அறையை நான் ஸ்டேபிள் என்று சொல்லி உங்கம்மாவைச் சிரிக்கவைத்தேன். எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

சரி, ஆஸ்பத்திரி இங்கிலீஷ் வேறு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். இளம் டாக்டர் ஒருவர் வந்து உங்கம்மாவின் அட்டையைப் பார்த்து, "கிரிட்டிகல், பட் ஸ்டேபிள், அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு அன்றைக்கு முப்பது கட்டில். நான் அந்த வார்டு மிஸ்ஸியை, நர்ஸைத்தான், பிடித்தேன். மலாய்க்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும். மலாயில் கேட்டேன், மலாயில் சொன்னாள். உனக்கு இது தோன்றவே இல்லை, பார்த்தாயா? அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்தாயே தவிர, உன்னைவிட நன்றாக மலாய் பேசுவேன் என்பது ஞாபகம் வரவில்லை. அவள் ஒளிக்கவில்லை. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்றாள். மருந்து ஊசியில் இறங்கிக்கொண்டே இருப்பதால் ரத்த அழுத்தம் நிற்கிறது, மருந்து இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றாள். "ஸ்டேபிள்னு சொன்னாரே?" என்று கேட்டேன். "இப்போதைக்கு விழல, பாக்சிக். அவ்வளவுதான்" என்றாள். பிறகு என் கையைத் தொட்டு, "பாங்கில் அனாக், பாக்சிக்" என்றாள். பிள்ளையைக் கூப்பிடுங்கள், மாமா. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சொன்னபடி கூப்பிட்டேன். லிப்ட் பக்கத்தில் நின்று உனக்குப் போன் போட்டேன். மணி பத்தரை. நீ எடுத்ததும் முதலில் கேட்டது: "அப்பா, நான் கிளம்பி வரவா? மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு பிளைட் இருக்கு." நீ கேட்டாய், தம்பி. கேட்காத பிள்ளை இல்லை நீ. எனக்கு வாயில் வந்திருக்க வேண்டியது மூன்றே சொல். அம்மா போகப் போறா. தமிழில் அதற்கு நாக்கு புரளவில்லை. நல்லா இருக்கா என்று பொய் சொல்லவும் தமிழில் வரவில்லை. சொல்லியிருந்தால் என் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாய். அப்போது டாக்டர் விட்டுப்போன அந்த இங்கிலீஷ் சொல் கைக்குத் தட்டுப்பட்டது. "ஸ்டேபிள்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ நாளைக்கு டெஸ்ட் எழுது. ஒண்ணும் ஓடி வரவேண்டாம்லா." முன்பாதியை எடுத்துக்கொண்டு வந்தேனா? இல்லை. கிரிட்டிகல் என்று அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டேன். தெரியாதவனாக இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் உளறியிருப்பேன். எதை விடவேண்டும் என்று தெரிந்தவன்தான் விட முடியும்.

ஏன் செய்தேன் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே மூன்று பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். முதல் பதில் உன் டெஸ்ட். ஆறு மாதப் பயிற்சி, கடைசி நாள் வியாழக்கிழமை, தேறினால் நிரந்தரம். என் வம்சத்தில் மாதச் சம்பளமும் மருத்துவச் சலுகையும் உள்ள முதல் ஆள் நீ. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள், தியாகம் மாதிரிகூட இருக்கும். ஆனால் நான் காப்பாற்றிக்கொடுத்த அந்த வேலையை நீ மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வந்தாய். அந்த மிரி யார்டுக்குள் நுழைந்தாலே போன் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாய்.

இரண்டாவது பதில் வெட்கக்கேடானது. அதற்கு முந்தின வருடம் உங்கம்மாவுக்கு முதல் தடவை மூச்சு வாங்கியபோது நீ பயிற்சியில் பாதியை விட்டுவிட்டு ஓடிவந்தாய். நீ வந்து சேர்ந்தபோது அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். நான் வார்டே கேட்கும்படி, "பாருங்கலா, துவான் பிளேன் பிடிச்சு வந்துட்டாரு அம்மாவுக்குச் சட்னி ஊத்த!" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் இன்னும் இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தேன். அந்தப் பயிற்சி போய், அடுத்த தொகுப்பில் முதலிலிருந்து தொடங்கினாய். அப்படிக் கேலி செய்த வாயால் இரண்டாவது தடவை "ஓடி வா" என்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

மூன்றாவதுதான் உண்மை. நீ மிரியில் வேலையில் இருக்கிற வரைக்கும் உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். நீ பையோடு வார்டு வாசலில் வந்து நின்றால் அவள் சாகப் போகிறாள். நீ வந்தால்தான் அது நிஜமாகும் என்று நம்பிக்கொண்டு உன்னை அங்கேயே பிடித்துவைத்தேன். உன்னை நிறுத்தியது உனக்காக இல்லை, எனக்காக.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் கையேட்டில் இல்லாதது, உனக்கும் தெரியாதது. இதை மேரி அக்காவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு மேரி அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். உங்கம்மா ஆக்சிஜன் மூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"தம்பி வரானா?"

"வரான்லா. பிளேன்ல ஏறிட்டான்."

"எப்ப எறங்குவான்?"

"சாயந்திரம் விசிட்டிங் டைமுக்கு வந்துருவான் உன் செல்லப்பிள்ள. அதுக்குள்ள நீ கஞ்சியக் குடி."

"அவன் வந்து குடுக்கட்டும்."

மேரி அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "லோரிக்காரரே, நெஜமா ஏறிட்டானா?" என்று கேட்டார். என் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. அவருக்குப் புரிந்துவிட்டது. "கர்த்தரே! இப்பவாச்சும் போன் போடுங்க. கடைசி பிளைட் இருக்கும். போடுங்கண்ணே!" என்று என் சட்டைப் பையிலிருந்து போனை அவரே எடுத்து நீட்டினார். "கூப்பிட்டா அவன் டெஸ்டு போயிடும்க்கா. நீங்க வேற, அவ நம்மளத் தூக்கிப் புதைச்சிட்டுத்தான் போவா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எதுக்குத்தான் சிரிக்கணும்னு தெரியாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சாயந்திரம் நாலரை மணிக்கு வார்டுக் கதவைத் திறந்தார்கள். உங்கம்மா தலை வாரிவிடச் சொன்னாள். மேரி அக்கா வாரிவிட்டார். கட்டிலைக் கதவுப் பக்கமாக நிமிர்த்தச் சொன்னாள், நான்தான் நிமிர்த்தினேன். ஜனம் தூக்குச்சட்டியும் பழமுமாக உள்ளே வந்தது. ஒவ்வொரு ஆள் வரும்போதும் அவள் பார்த்தாள். உன் உயரத்தில் ஒரு பையன் வந்தான். எதிர்க்கட்டில் சீனக் கிழவருக்குப் பேரன். அவன் திரும்புகிற வரைக்கும் அவள் கண் அவன்மேலேயே இருந்தது. ஐந்தரைக்கு ஒரு தடவை என்னைப் பார்த்தாள். ஆறரைக்கு இன்னொரு தடவை. கேட்கவில்லை. ஏழு மணிக்கு மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். அப்போது என் விரலைப் பிடித்து, "பிளேன் லேட்டு போல. நீங்க போயி ஏதாச்சும் சாப்பிடுங்க" என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. இருபத்தொன்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் பொய்யின் நீளம் அகலம் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் என்னை நிற்கவைத்துக் கேட்கவில்லை. என் பொய்க்கு அவளே முட்டுக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு, நீ போனை அணைத்துவிட்டு டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், போனாள். அவள் வாயில் தண்ணீர் விட்டது நான். அது உன் கை செய்திருக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை நீ வந்து வாய்க்கரிசிதான் போட முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இரண்டாவது தப்பு. முதலாவதைவிடப் பெரியது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது நீ கேட்டாய்: "ஸ்டேபிள்னா என்னன்னு நெனச்சீங்கப்பா?" கோபமாகத்தான் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உன் சித்தப்பா, "படிக்காத மனுசன்டா, அவருக்கு என்னடா தெரியும்?" என்றார். உன் முகத்தில் கோபம் இறங்கி இரக்கம் வந்தது. அந்த இரக்கத்துக்குள் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். "நல்லாயிட்டான்னு நெனச்சேன்யா" என்றேன். வாழ்க்கை முழுவதும் யாராவது என்னைப் படிக்காதவன் என்று சொன்னால் சண்டைக்குப் போகிறவன், அன்றைக்கு அதைக் குடை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டேன். நம் ஆட்களுக்கு இது கைவந்த தப்பு. ஆபீஸில் கேட்டாலும் போலீஸ் நிறுத்தினாலும் "தெரியாது சார், படிக்கல சார்" என்று கையைக் கட்டி நின்று தப்பித்துக்கொள்வோம். நான் அதைப் பெற்ற பிள்ளையிடமே செய்துவிட்டேன்.

இரண்டு வருடமாக நீ அந்தப் பொய்யின்மேல் ஒரு வீடே கட்டிவிட்டாய். வாராவாரம் நூலகத்தில் உட்கார்ந்து சொற்களைத் தேடுகிறாய். இன்னொரு அப்பாவுக்கு இப்படி நடக்கக் கூடாது என்று சுங்கை பூலோவுக்கும் டெங்கிலுக்கும் மோட்டார்சைக்கிளில் அலைகிறாய். அது எதுவும் வீண் இல்லை, அதை நிறுத்திவிடாதே. நிஜமாகவே தெரியாமல் தலையாட்டுகிறவர்கள் அந்த மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அது வேண்டும். ஆனால் என்னைப்போல் தெரிந்தே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிகிறவர்களும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு அகராதி போதாது.

ஆகவே அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒன்று எழுது. வீட்டிலிருந்து யாராவது போனில் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொல்லிவிட்டு "ஒண்ணுமில்ல, வரவேண்டாம்" என்று வைத்தால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். திரும்பக் கூப்பிடச் சொல். இன்றைக்கு என்ன சாப்பிட்டாள், பேசினாளா, என்னைக் கேட்டாளா என்று தமிழில் கேட்கச் சொல். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லட்டும். நீ அன்றைக்கு "போனை அம்மாகிட்ட குடுங்க" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். இது உன்மேல் குறை இல்லை. உன் அப்பாவை நம்பினாய். நம்பாமல் இருக்கவேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

நாளை உனக்கும் குடும்பம் வரும். கெட்ட சேதியைச் சொல்லவேண்டிய இடத்தில் நீயும் ஒருநாள் நிற்பாய். என் ரத்தம் உன்னிடம் இருக்கிறது, உனக்கும் அந்த நேரத்தில் ஒரு ஜோக் வாயில் வரும். விழுங்கிவிடு. எந்தப் பாஷையில் அழுகிறாயோ அந்தப் பாஷையில் சொல். குரல் உடைந்தால் உடையட்டும்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் என்று எழுதவில்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிற அந்தக் கதையை எடுத்துவிட்டு இதைப் போடு. நீளம் என்றால் வெட்டிக்கொள். வார்டுக் கதவு திறந்த இடத்தை மட்டும் வெட்டாதே. சனிக்கிழமை நீ கொடுத்த மன்னிப்பை நான் வைத்துக்கொள்ள முடியாது. இதைப் படித்தபிறகு மறுபடி கொடுப்பாயா, எப்போது கொடுப்பாய் என்பதெல்லாம் உன் இஷ்டம். ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருக்கவேண்டும் என்று தோன்றினாலும் இரு. உனக்குக் கோபம் வருவதற்கு இடம் இருக்கவேண்டும். அதையும் சேர்த்துத்தான் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வருவேன். நீ பேசவேண்டாம் என்றால் பேசாமல் பின்வரிசையில் இருப்பேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது எழுந்து, "தம்பி, உங்க அப்பாவுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் உண்மையிலேயே தெரியுமா?" என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்கமாட்டார்கள். நீ பதில் சொல்லிச் சங்கடப்படவேண்டாம். மைக்கும் வேண்டாம், லோரிக்காரன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்கும். நான் எழுந்து நின்று சொல்கிறேன், தெரியும் என்று.

அப்பா